ஓர் இரவுக்கு நான்கு காசு

முதல் பதிப்பு ஜப்பானிய மொழியில் இருந்தது.
ஷூ மாதிரிகளோடு ஒசாகா போய்வந்த
இம்தியாஸின் மாமா
மேல்விஷாரத்தில் இறக்கிய சாம்பல் நிற கேசட்.
ஓர் எழுத்தும் தெரியாது.
மேலே இருப்பது ஆமாம், கீழே இருப்பது இல்லை.
அதைக்கூட
மூன்று முறை செத்துத்தான் கற்றுக்கொண்டோம்.

கதையை நாங்களே வைத்துக்கொண்டோம்.
நீலமுடிக்காரன் ராஜாவிடம் கடன்பட்டவன்.
வெள்ளை அங்கிக்காரி நர்ஸ்,
பாகாயம் பஸ்ஸில் பார்த்த யாரோ ஒருத்தி.
ஆறு வந்தது. பாலாறு இல்லை என்று உடனே தெரிந்தது:
தண்ணீர் இருந்தது.

ஊருக்கு ஒரு சத்திரம்,
பலகையில் கட்டில் படம்.
நான்கு காசு கொடுத்தால் திரை இருளும்,
ஆறே ஆறு சுரம்,
விடிந்தால் வெட்டு, விஷம், மயக்கம்
எதுவும் இருக்காது.

மலைக்கோயிலில் நர்ஸ் விழுந்தாள்.
ஏதோ நீளமாக எழுத்து ஓடியது. தூங்குகிறாள் என்றான் இம்தியாஸ்.
அடுத்த ஊர்ச் சத்திரத்தில் படுக்க வைத்தோம்.
எழவில்லை. மறுபடி நான்கு காசு. மறுபடி.
பதினோரு இரவுக்குப் பிறகு காசு தீர்ந்தது.

இரண்டாவது பதிப்பு ஆங்கிலம்.
காட்பாடி பிரவுசிங் சென்டர், மணிக்கு இருபது ரூபாய்,
பக்கத்து இருக்கையில் ஒருவன் ரயில்வே தேர்வுக்கு விண்ணப்பிக்க
நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம்:
நீலமுடிக்காரன் ராஜாவின் மகனாம்.
அந்த நீளமான எழுத்துக்கு என்ன பொருள் என்பதையும்.
"நம்ம கதைதான்டா நல்லாயிருந்துச்சு" என்றான்.
சத்திரத்தில் எட்டுக் காசு ஆக்கியிருந்தார்கள்.

மூன்றாவது இப்போது என் போனில்.
காந்தி ரோட்டுச் சந்து, ஆஸ்பத்திரிக்கு எதிரே,
லாட்ஜ் வரவேற்பு மேசை, இரவுப் பணி.
புல் தனித்தனியாக அசைகிறது.
நர்ஸுக்குக் குரல் வந்துவிட்டது,
இருபத்தைந்து வருடமாக எனக்குள் கேட்ட குரல் அது இல்லை.
நடந்தாலே காயம் ஆறுகிறது இதில்.
சத்திரக்காரனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்,
தாடி, ஒரு சோகம்.
படுக்க மட்டும் யாரும் வருவதில்லை.

நான் போகிறேன்.
உடம்பில் கீறல் இல்லாமல், காசு கொடுத்து.
அந்த ஆறு சுரமும்
முப்பது வயலினாக வருகின்றன, கொஞ்சம் அதிகம்தான்.

இரண்டே முக்காலுக்கு
207 இறங்கி வருகிறார். மால்டாக்காரர்,
சுப்ரியா மொண்டல். கையில் பிளாஸ்க்.
"கொரோம் ஜோல்?"
வங்காளத்தையும் நான் அப்படித்தான் படித்தேன்,
அழுத்திவிட்டு, என்ன நடக்கிறதென்று பார்த்து.
நேய் என்றால் இல்லை. ஆச்சே என்றால் இருக்கிறது.
ரூம் இருக்கா என்று வந்து நிற்பவரிடம்
ஆச்சே, ஆச்சே என்பேன்.
நம் காதுக்கு
எல்லாம் முடிந்துபோன மாதிரிக் கேட்கும்.
இன்னும் பழகவில்லை.

நானூற்றைம்பது ஒரு இரவுக்கு.
இவருக்கு நாற்பத்தோராவது.
இங்கே காலையில் யாரும் முழுதாக எழுந்ததில்லை,
மெத்தையை மாற்றச் சொல்லி
முதலாளியிடம் இரண்டு முறை சொல்லியாயிற்று.

ராணிப்பேட்டையிலிருந்து இம்தியாஸ் கேட்டிருக்கிறான்:
"புதுசுலயும் சாகுறாளா?"
தெரியாது. மூன்று வாரமாக
மலைக்கு முந்தின ஊரிலேயே இருக்கிறேன்.
ஏற வேண்டிய பாதை திறந்துதான் இருக்கிறது.

தண்ணீர் கொதிக்கும்வரை
சுப்ரியா மேசைமேல் சாய்ந்து திரையைப் பார்த்தார்.
நான்கு கட்டில். கடைசியில் வெள்ளை அங்கி.
"குமாச்சே?"
தூங்குகிறாளா என்று கேட்கிறார்.

மேலே இருப்பது ஆமாம்.
தலையை ஆட்டிவிட்டு
பிளாஸ்க்கை வாங்கினேன்,
மூடியின் திருகு தேய்ந்திருந்தது,
இறுக்க நேரமாயிற்று.